ஒன்பதாம் மாடிப் பக்கம்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் இல்ஹாம் இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டான். நிரஞ்சனாவின் குரல் ஒன்பதாம் மாடிக் கதையைச் சொல்லத் தொடங்கியது. அவன் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். பக்கத்தில் இருந்த மகள் ஃபஸீலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன பாட்டு அத்தா?"

"பாட்டு இல்லம்மா. நிரஞ்சனா ஆன்ட்டி பேசுறாங்க. இன்னிக்கு என்ன பேசணும்னு."

அது பாதி உண்மை. மீதிப் பாதி அவனுக்கும் அவன் மனைவி ஜரீனாவுக்கும் மட்டுமே தெரியும். இல்ஹாமுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவான், கிண்டலடிப்பான், கடைக்காரரிடம் சண்டையும் போடுவான். எழுத்து மட்டும் தெரியாது. சிறுவயதில் அவன் போன பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. சனிக்கிழமைகளில் வேறு பள்ளிக்கு அனுப்பலாம் என்றார்கள். தேக்காவில் துணிக்கடை வைத்திருந்த அவன் தகப்பனாருக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம். "மலாய் எடுத்துக்கட்டும், அதுவே போதும்" என்று முடித்துவிட்டார். அதனால் மலாயும் ஆங்கிலமும் படித்தான், குர்ஆன் ஓத அரபு எழுத்தும் கற்றான். வீட்டில் பேசும் மொழியின் எழுத்து ஓவியனான அவன் கண்ணுக்கு அழகான வளைவுகளாக மட்டும் நின்றுவிட்டது.

அப்படிப்பட்டவன் தமிழ்ச் சிறுவர் புத்தகத்தின் அட்டையில் பெயர் போட்டுக்கொண்டது எப்படி என்றால், அதற்கு நிரஞ்சனாவின் பழக்கம்தான் காரணம். பொங்கோலில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை அவள். கதையை முதலில் எழுதமாட்டாள். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பாள். எந்த இடத்தில் அவர்கள் காலைச் சொறிகிறார்களோ அந்த இடத்தை வெட்டுவாள். தேறிய கதையைக் கைபேசியில் பேசி இல்ஹாமுக்கு அனுப்புவாள். இவன் அதைக் கேட்டுக் கேட்டு வரைவான். அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் ஏறிவிட்டு, எந்த மாடியில் இறங்குவதென்று தெரியாமல் சுற்றும் ஒரு பூனையின் கதை. படங்கள் பிரமாதம் என்றார்கள். எழுத்து வடிவத்தை ஒருவரும் அவனைப் படிக்கச் சொல்லவில்லை. சொல்லாதவரை நல்லது என்று இவனும் இருந்தான்.

இந்த வாரம்தான் வினை வந்தது. சனிக்கிழமை சிறுவர் வாசிப்புக் கூட்டத்தை நடத்தும் சேதுபதி ஐயா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நம்ம கூட்டத்துல ஒரு வழக்கம். பேசி முடிச்சதும் எழுத்தாளர், ஓவியர் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும். பிள்ளைங்க அதுக்குத்தான் வர்றாங்க" என்றார். இல்ஹாம் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டான்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டாள் ஜரீனா. மருத்துவமனைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு வேலை.

"எப்படிச் சொல்றது? ஃபஸீலா வர்றாளே."

"அதுக்குத்தான் சொல்றேன். அவகிட்டயாவது உண்மையச் சொல்லிடுங்க. எத்தனை நாளைக்குத்தான் பாடப் புத்தகத்தத் தலைகீழா பிடிச்சுக்கிட்டுக் கதை விடுவீங்க?"

"தலைகீழா எல்லாம் பிடிக்கல லா."

"ஒருநாள் பிடிச்சீங்க. நான் பார்த்தேன்."

மகள் முதல் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்து, "படிங்க அத்தா" என்றாள். அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் படுக்கப்போகும் முன் அதுவே நடந்தது. அத்தா படிப்பதுபோல் யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவள் நம்பினாள். மேடையில் மாட்டிக்கொண்டால், ஊரார் சிரிப்பதை அவன் தாங்கிக்கொள்வான். முன்வரிசையில் உட்காரப்போகும் அந்த ஏழு வயது முகம் எப்படி மாறும் என்பதை நினைக்கத்தான் அவனுக்குத் தெம்பில்லை.

ஆகவே அவன் தன்னால் முடிந்த வேலையை முறையாகச் செய்தான். பதினொரு மாடிக் கதையில் ஒன்பதாம் மாடிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான். அதுதான் அவனுக்கு நன்றாக மனப்பாடம். நிரஞ்சனாவின் குரல் எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கவனித்தான். கண்ணாடி முன்னால் நின்று, விழிகளை இடமிருந்து வலமாக ஓட்டி, வரி முடிந்ததும் கீழே இறக்கிப் பழகினான். ஜரீனா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

நியூட்டனில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, காய்கறிக் கடைகளைத் தாண்டி அவர்கள் மண்டபத்துக்குப் போனார்கள். வாசலில் கறிபஃப் தட்டும் தேநீர் பாத்திரமும் இருந்தன. உள்ளே பெற்றோருக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குப் பாய். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஃபஸீலா முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியின் பக்கத்தில் இடம் பிடித்து, "அது எங்க அத்தா" என்று அவளிடம் விரலை நீட்டிச் சொன்னது மேடைவரை கேட்டது.

நிரஞ்சனா முதலில் பேசினாள். தன் கதைகளுக்கு நீதிபதிகள் நான்கு வயதுக்காரர்கள் என்றாள். "நல்லா இருக்கு டீச்சர்னு பொய் சொல்ற வயசு இன்னும் வரல அவங்களுக்கு. பிடிக்கலைன்னா எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிடுவாங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. அடுத்து இல்ஹாம். காதால் கேட்டு வரைவதைப் பற்றிப் பேசினான். அவள் குரல் வேகமாகப் போகும் இடத்தில் பூனையின் வாலை நீட்டுவானாம். குரல் தாழும் இடத்தில் மின்தூக்கிக்குள் விளக்கை மங்கலாக்குவானாம். சொல்லிக்கொண்டே பலகையில் மூன்று கோடு போட்டான். பூனை வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தார்கள். இத்தோடு முடிந்துவிடக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "ஓவியர் சாருக்கு ஒரு கேள்வி. எங்க வீட்டுல தமிழ்ப் புத்தகத்த எடுத்தாலே பையன் டாய்லெட்டுக்கு ஓடுறான். உங்க வீட்டுல எப்படி? நீங்களே மகளுக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?"

இல்ஹாம் வாயைத் திறப்பதற்குள் ஃபஸீலா கையைத் தூக்கிவிட்டாள். "எங்க அத்தா தினமும் படிப்பாங்க. எல்லாக் குரல்லயும் படிப்பாங்க. யானைக் குரல்கூட."

பெற்றோர் கைதட்டினார்கள். சேதுபதி ஐயா ஒலிவாங்கியைப் பிடித்து, "கேட்டீங்களா? அப்பாக்கள் கொஞ்சம் கேட்டுக்குங்க. நான் யாரையும் பார்த்துச் சொல்லல, பின்னால போன் பார்க்குற அண்ணனையும் சொல்லல" என்றார். மறுபடி சிரிப்பு. இல்ஹாமும் சிரித்தான்.

பிறகு வாசிப்பு. நிரஞ்சனா முதல் பக்கத்தைப் படித்தாள். அவள் படித்த தமிழ் தொலைபேசியில் கேட்டதுபோல இல்லையே என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. லிஃப்ட் என்று வரவேண்டிய இடத்தில் மின்தூக்கி என்று வந்தது. மேடைக்காகச் செய்கிறாள்போலும் என்று விட்டுவிட்டான். அவன் முறை வந்தது. புத்தகத்தை விரித்தான், ஒன்பதாம் மாடிப் படத்தைப் பார்த்துச் சரியான பக்கம் என்று உறுதி செய்துகொண்டான், விழிகளை ஓட்டத் தொடங்கினான்.

"ஒம்பதாம் மாடியில கதவு தொறந்துச்சு. அங்க ஒரு ஆன்ட்டி இக்கான் பிலிஸ் வறுத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன வாசம் தெரியுமா? பூனை மெதுவா போயி ஒண்ணே ஒண்ணு எடுத்துச்சு. ஆன்ட்டி பார்த்துட்டாங்க. கரண்டிய தூக்குனாங்க. 'ஏய், இது என்ன உங்க மாமியார் வீடா?'ன்னு ஒரு கத்து கத்துனாங்க."

பெரியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நன்றாகப் போகிறது என்று நினைத்து நிமிர்ந்தவன் பாய்ப் பக்கம் பார்த்தான். பிள்ளைகளின் விரல்கள் புத்தகத்தின் மேல் முதல் வரியிலேயே நின்றிருந்தன. சில விரல்கள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தன. நிரஞ்சனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க வேற கதை படிக்கிறீங்க" என்றாள் இரட்டைப் பின்னல்காரி.

"ஒன்பதாம் மாடிதானே?"

"ஒன்பதாம் மாடிதான். ஆனா ஆன்ட்டி திட்டவே இல்ல. இங்க பாருங்க." அவள் விரல் வைத்து உரக்கப் படித்தாள். "அங்கே ஓர் அத்தை நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். அவர் பூனையை அன்புடன் வரவேற்றார். பூனை நன்றி கூறி விடைபெற்றது." தலையைத் தூக்கினாள். "எனக்கும் ஒரு டவுட்டு இருந்துச்சு. அன்பா வரவேற்குறவங்க எதுக்குக் கரண்டியத் தூக்கிக்கிட்டு நிக்குறாங்க?"

இல்ஹாம் தான் வரைந்த படத்தைப் பார்த்தான். கரண்டி தலைக்கு மேலே இருந்தது. பூனையின் வாயில் மீன். அதன் அடியில் மூன்று வரி அழகான வளைவுகள். அந்த வளைவுகள் சொல்வது வேறு கதை என்பது இந்த நிமிஷம்வரை அவனுக்குத் தெரியாது.

சேதுபதி ஐயா பழுத்த ஆள். உடனே கைகொடுத்தார். "ஓவியர் இல்லையா, கொஞ்சம் சொந்தச் சரக்கு சேர்த்துப் படிச்சுட்டார். அப்படித்தானே தம்பி?"

நிரஞ்சனாவும் ஒலிவாங்கியை எடுத்தாள். "இல்ஹாம் சொன்னது என்னோட முதல் வடிவம். நான் அப்படித்தான் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். அதைத்தான் ஞாபகம் வெச்சு..." என்று இழுத்து அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. புரிந்ததை மூடத் துணி தேடுகிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

வழி திறந்துதான் இருந்தது. ஆமாம், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடலாம். அவன் அதைச் சொல்லவும் தயாரானான்.

அதற்குள் ஃபஸீலா பாயிலிருந்து எழுந்து மேடைக்கு வந்துவிட்டாள். அத்தாவைப் பார்த்து எல்லோரும் சிரிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, பள்ளியில் அவளுடைய ஆசிரியை அவளுக்குச் செய்வதுபோல, முதல் சொல்லின் அடியில் தன் சுட்டுவிரலை வைத்தாள்.

"இங்கிருந்து அத்தா. பயப்படாதீங்க. மெதுவா படிங்க."

அந்த விரலை அவன் பார்த்தான். நகத்தில் நேற்று அவனே போட்டுவிட்ட மருதாணி. கூட்டத்துக்குச் சொல்ல வைத்திருந்த பதில் இந்த விரலிடம் செல்லவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றான்.

அவளிடம் மட்டும் சொன்னதாக நினைத்தான். சட்டையில் குத்தியிருந்த ஒலிவாங்கி அதை மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரிப்பு நின்றது.

"இந்த வரியா?"

"எந்த வரியும். பள்ளிக்கூடத்துல நான் மலாய்தான் படிச்சேன்."

ஃபஸீலா விரலை எடுத்தாள். அவனையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாய்க்குப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பின்வரிசையில், சற்று முன் கேலிக்கு ஆளான போன்காரர் தொண்டையைக் கனைத்தார். "நானும் மலாய்தான் எடுத்தேன் பிரதர். அதான் போன் பார்த்துக்கிட்டு இருக்கேன்." இரண்டு மூன்று பேர் மெல்லச் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. தமிழ்ப் புத்தகம் போட்டவர் இப்படியா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது இல்ஹாமின் காதில் விழுந்தது. அவர் சொன்னதில் தவறில்லை என்றும் பட்டது.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. இரட்டைப் பின்னல்காரி கையைத் தூக்கினாள். "அங்கிள், கரண்டி?"

இல்ஹாம் நிரஞ்சனா பக்கம் திரும்பினான். "எனக்கும் அதான் தெரியணும். அந்தக் கரண்டி எங்க போச்சு?"

நிரஞ்சனாவின் முகம் சிவந்திருந்தது. "புத்தகம் அச்சுக்குப் போற நேரத்துல, குழந்தைங்க புத்தகத்துல பெரியவங்க கத்துறது நல்லா இல்லைன்னு பதிப்பகத்துல சொன்னாங்க. பூனை திருடுறதும் வேணாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். முதல் புத்தகம் பாருங்க, வாதாடப் பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"கடைசி வடிவம் அனுப்பினேனே இல்ஹாம். நீங்க கட்டைவிரல் தூக்கி அனுப்பினீங்க. ரெண்டு தடவை."

"கலர் நல்லா வந்திருந்துச்சு."

இந்த முறை மண்டபம் மொத்தமும் சிரித்தது. இல்ஹாமுக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே தன்னால் உட்கார்ந்திருக்க முடிகிறது என்பதைக் கவனித்தான்.

"நான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும்" என்றாள் நிரஞ்சனா, தன் ஒலிவாங்கியைத் தள்ளிவைத்து, அவனுடையதையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அவனுக்கு மட்டும். "படம் ஒண்ணு சொல்லுது, எழுத்து ஒண்ணு சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கோபப்படாம விட்டுட்டீங்கன்னு நினைச்சு நிம்மதியா இருந்துட்டேன்."

"நானும் ஒருத்தரும் கேக்கலைன்னு நிம்மதியாத்தான் இருந்தேன்."

சேதுபதி ஐயா நேரமாகிவிட்டதைச் சொல்லி நன்றியுரைக்குத் தாவினார். கூட்டம் கறிபஃப் பக்கம் நகர்ந்தது. பலர் வந்து கைகொடுத்தார்கள். அடுத்த கதையை எழுதியபின்னும் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுகிறேன், நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் அச்சுக்குப் போகும் என்றாள் நிரஞ்சனா. இல்ஹாம் தலையாட்டினான். கண் முழுக்க வாசல் பக்கம் இருந்தது. ஃபஸீலா செருப்பை மாட்டிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். படியில் இறங்கும்போது கையை நீட்டினான். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நியூட்டனில் மாறும்போதுதான் கேட்டாள்.

"அப்ப தினமும் படிச்சதெல்லாம்?"

"படத்தப் பார்த்து நானா சொன்னது."

"முதலைக் கதை?"

"அதுவும்தான்."

அவள் நடையை நிறுத்தினாள். "டீச்சர் கிளாஸ்ல கேட்டாங்க, இந்தக் கதையில யார் யார் வர்றாங்கன்னு. நான் முதலைன்னு சொன்னேன். முதலையே இல்லைன்னாங்க. இருக்கு, எங்க அத்தா படிச்சாங்கன்னு நான் சண்டை போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க." செருப்பால் தரையைத் தேய்த்தாள். "நான் அழல. ஏன்னா டீச்சருக்குத்தான் சரியா படிக்கத் தெரியலைன்னு நினைச்சேன்."

ஆட்கள் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். இல்ஹாம் நடைபாதை ஓரமாகக் குந்தி உட்கார்ந்தான். இத்தனை நாளும் மாட்டிக்கொள்வதைப் பற்றித்தான் கணக்குப் போட்டிருந்தான். தான் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு இவள் வகுப்பில் நின்று விலை கொடுத்திருக்கிறாள்.

"தப்பு என்மேலதான்மா. திங்கக்கிழமை நானே வந்து டீச்சர்கிட்ட சொல்றேன்."

"வேணாம். மானமே போயிடும்."

"சரி. நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். நடைமேடைக்கு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைக்கு மேலே தமிழில் நிலையத்தின் பெயர் இருந்தது. "அது என்ன?" என்றாள்.

"நியூட்டன்."

"சீட்டிங். உங்களுக்கு ஸ்டேஷன் தெரியும்." மேலும் தேடினாள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், நான்கு மொழிகளில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். "இது?"

இல்ஹாம் படித்தான். ஆங்கில வரியில் அவன் கண் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு கையால் ஆங்கிலத்தை மூடினாள். அவன் தடங்கலில்லாமல் பொருளைச் சொன்னான்.

"எப்படி?"

"மலாய் தெரியுமே எனக்கு."

ஃபஸீலா அவனை முறைத்தாள். இன்னொரு கையால் மலாய் வரியையும் மூடினாள். இரண்டு கைகளையும் விரித்து, கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள். அவள் கைகளுக்கு நடுவே தமிழ் வரியும் சீன வரியும் மட்டும் மிச்சம் இருந்தன. இரண்டும் இல்ஹாமுக்கு ஒன்றுதான்.

"இப்ப படிங்க."

"முதல் எழுத்தே தெரியலையேம்மா."

"தெரியலைன்னு சொன்னா நான் சொல்லித் தருவேன். தெரிஞ்ச மாதிரி சொன்னா சொல்லித் தரமாட்டேன்."

"தெரியல."

"க" என்றாள், முகத்தை இளக்காமல். "சொல்லுங்க."

"க."

சுரங்கத்துக்குள் வெளிச்சம் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் ரயில் வந்து நின்றது. "ரயில் வந்துடுச்சும்மா" என்றான்.

"போகட்டும்" என்றாள் அவள், கைகளை எடுக்காமல். "அடுத்த எழுத்து."